டீக்கடை க்யூஆர் கோடும் மூன்று வாசகர்களும்

பிசினஸ் டிரெண்டுன்னு யார் பேச ஆரம்பிச்சாலும் ஏஐ-ல தொடங்கி ஏஐ-லயே முடிக்கிறாங்க. இன்னைக்கு வேற ஒண்ணைப் பத்திப் பேசலாம். உங்க தெருமுனை டீக்கடையில ஒட்டியிருக்கிற க்யூஆர் கோடு.

யூபிஐ வந்தது 2016-ல். 2025 ஆகஸ்ட்ல ஒரே மாசத்துல 2,000 கோடி பரிவர்த்தனையைத் தாண்டிடுச்சு. இதை நாம "சில்லறைப் பிரச்சினை தீர்ந்துச்சு" என்கிற அளவுலதான் பார்க்கிறோம். உண்மையில் மாறினது வேற விஷயம். கணக்கு நோட்டே இல்லாம ஓடிட்டிருந்த கடைகளுக்கு, அவங்க கேட்காமலேயே ஒரு கணக்கு நோட்டு உருவாகியிருக்கு. தேதி, நேரம், தொகை எல்லாமே அதில் பதிவாகுது. அந்த நோட்டை யார் படிக்கிறாங்க என்பதுதான் கேள்வி.

முதல் வாசகர், கடன் கொடுப்பவர்.

2020 ஜனவரியிலிருந்து யூபிஐ-ல பணம் வாங்குற கடைக்காரர்கிட்ட கட்டணம் எடுக்கக் கூடாதுன்னு அரசு விதி கொண்டுவந்துச்சு. அப்போ ஆப் கம்பெனிக்கு வருமானம் எங்கிருந்து வரும்? சவுண்ட் பாக்ஸ் வாடகை ஒரு வழி. இன்னொரு பெரிய வழி கடன். தினமும் எவ்வளவு வருது, எந்தக் கிழமை டல் அடிக்குது, எல்லாம் தெரியும். அதை வச்சு, சொத்துப் பத்திரம் எதுவும் கேட்காம, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் ஆப் மூலமா கடன் தர்றாங்க. தினசரி வசூலில் இருந்தே தவணை கழிஞ்சிடும்.

கேட்க எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? ஆமா, நம்ம ஊர் தண்டல்தான். 10,000 ரூபாய்னு பேச்சு, கையில் 8,500, தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள். வருஷக் கணக்கில் போட்டா வட்டி 100 சதவீதத்தை ஈசியா தாண்டும். இதோட ஒப்பிட்டா ஆப் கடன் பெரும்பாலும் மலிவு. ஆனா "தினம் இவ்வளவுதான்"னு மட்டும் காட்டினா வட்டி எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது. அதனாலதான் ரிசர்வ் வங்கி 2022-ல் டிஜிட்டல் கடனுக்கு விதி போட்டுச்சு. கடன் தரும் முன்னாடி 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' என்ற ஒரு தாளைக் கொடுக்கணும். எல்லாக் கட்டணமும் சேர்த்த வருட வட்டி விகிதம் அதில் இருக்கும். 'ஏபிஆர்'னு போட்டிருப்பாங்க. பார்க்க வேண்டிய ஒரே எண் அதுதான்.

இரண்டாவது வாசகர், வரித்துறை.

2025 ஜூலையில் கர்நாடகாவில் நடந்தது ஞாபகம் இருக்கும். யூபிஐ வரவை வச்சு ஆயிரக்கணக்கான சின்ன வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போச்சு. பெங்களூருவில் பல கடைகள் க்யூஆரைக் கிழிச்சுட்டு "நோ யூபிஐ, ஒன்லி கேஷ்"னு போர்டு மாட்டினாங்க. கடைசியில், பழைய பாக்கியைக் கேட்க மாட்டோம், ஆனா பதிவு பண்ணணும்னு மாநில அரசு அறிவிச்சது.

இதுல கடைக்காரர் தரப்பு நியாயம் ஒண்ணு இருக்கு. ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பு பொருள் விற்பனைக்கு வருடம் 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம். உட்கார்ந்து சாப்பிடுற கடை சேவையில் வரும். 20 லட்சம்னா பெரிய தொகை மாதிரி தெரியுது. 365-ஆல் வகுத்துப் பாருங்க, நாளுக்கு சுமார் 5,500 ரூபாய். டீ 15 ரூபாய்னா 366 டீ! பால், சர்க்கரை, கேஸ், வாடகை, ஆள் சம்பளம் போக மிஞ்சுறது என்னன்னு அந்த எண் சொல்லாது. வரம்பு பார்க்கிறது விற்பனையை, லாபத்தை இல்லை.

ஆனா க்யூஆரைக் கிழிக்கிறது தீர்வு கிடையாது. சட்டம் மொத்த விற்பனையைத்தான் கணக்கெடுக்குது, ரொக்கமும் அதில் சேர்த்திதான். யூபிஐ வெளியே தெரியுற பகுதி, அவ்வளவுதான். கிழிச்சா வரிப் பொறுப்பு போகாது, கடன் வாங்க உதவுற பதிவுதான் போகும். திரும்பவும் தண்டல்காரர் வாசல்தான்.

மூன்றாவது வாசகர் கடைக்காரரே. ஆனா இன்னைக்கு இந்த நோட்டைப் படிக்காத ஒரே ஆள் அவர்தான். வியாபாரப் பணம், மச்சான் திருப்பித் தந்த கைமாத்து, சீட்டுப் பணம், எல்லாம் ஒரே கணக்கில் விழுது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எல்லாமே விற்பனை. நோட்டீஸ் வந்தப்புறம் ஒவ்வொண்ணா நிரூபிக்கணும்.

சரி, நாம என்ன பண்ணலாம்? உங்க வீட்டிலோ பக்கத்திலோ கடை வச்சிருக்கிறவங்க இருந்தா, நாலு விஷயம்.

ஒண்ணு, கடைக்குத் தனி வங்கிக் கணக்கு, தனி க்யூஆர்.

இரண்டு, மாசம் ஒரு தடவை மொத்த வரவைக் கூட்டுங்க, ரொக்கத்தையும் சேர்த்து. வரம்பை நெருங்கினா காம்போசிஷன் திட்டம் பத்தி ஒரு ஆடிட்டர்கிட்ட கேளுங்க. விற்பனை 1.5 கோடி வரை இருக்கிற பெரும்பாலான கடைகள் அதில் சேரலாம். பொருள் விற்கிற கடைக்கு 1 சதவீதம், உணவகத்துக்கு 5 சதவீதம். ஆனா வாடிக்கையாளர்கிட்ட தனியா வரி வாங்க முடியாது, கைக்காசுதான். அதனால முன்கூட்டியே விலையில் கணக்குப் போடணும். காய்கறி, பழம், பால் மட்டும் விற்கிறவங்களுக்குப் பதிவே தேவைப்படாது, அதையும் கேட்டுக்கோங்க.

மூணு, கடன் எடுக்கும் முன்னாடி ஏபிஆர்.

நாலு, 'அக்கவுன்ட் அக்ரிகேட்டர்' அனுமதி. 2021-ல் நடைமுறைக்கு வந்த இந்த அமைப்பில், நீங்க சம்மதிச்சா உங்க வங்கி விவரம் கடன் தர்றவருக்கு நேரா போகும். நடுவில் இருக்கிற அக்ரிகேட்டரால் அதைப் படிக்க முடியாது. சாஃப்ட்வேர்காரனா சொல்றேன், டிசைன் நல்ல டிசைன். ஆனா எந்தக் கணக்கு, எத்தனை மாசம், எதுக்காக, எப்போ வரைக்கும்னு அந்தத் திரையில் தெளிவா எழுதியிருக்கும். நாம அதைப் படிக்காம 'ஓகே' தட்டினா, டிசைன் ஒண்ணும் பண்ணாது. வேலை முடிஞ்சதும் அனுமதியை ரத்தும் பண்ணலாம்.

இதுல எதுக்கும் இன்ஜினியரிங் படிச்சிருக்கணும்னு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். உங்க ஏரியா கடைக்காரர்கிட்ட பேசிப் பார்த்துட்டு, அவங்க என்ன சொன்னாங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் அதையெல்லாம் கேட்போம்.