அகழியில் பிறந்த மோதிரம்



கவிதை பற்றிக் கேட்க வந்திருப்பீர்கள். நான் பேசவிருப்பது பித்தளை, அலுமினியம், புகையிலை ஆகியன பற்றி. கவிஞர் ஒருவரும் இடையில் வருவார், சற்றுப் பொறுத்தருள்க.

1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் வீரர்கள் அகழி தோண்டி, அதிலேயே ஆண்டுக்கணக்கில் உழன்றனர். போர் என்றால் ஓயாத சமர் என்று எண்ணுகிறோம். அதில் பெரும்பகுதி காத்திருத்தலே. காத்திருந்த கைகள் புகைத்தன, எதையேனும் செய்தன.

புகைப்பதும் எளிதன்று. இரவில் தீக்குச்சி உரசினால் எதிரி கண்டுகொள்வான். ஒரே குச்சியில் மூவர் பற்றவைத்தால் மூன்றாமவன் சாவான் என்று வீரர்கள் நம்பினர்: முதல்வனிடம் சுடரைக் காண்பான், அடுத்தவனிடம் குறிபார்ப்பான், மூன்றாமவனைச் சுடுவான். ஆகவே திரி லைட்டர் பெரிதும் உதவியது. சக்கரத்தைச் சுழற்றினால் பொறி திரியில் விழுந்து கனலும், சுடர் எழாது. காற்று அதற்குப் பகையன்று, துணை. வெற்றுத் தோட்டாக் கூட்டில் பெட்ரோல் லைட்டரும் செய்துகொண்டார்கள்.

1914 கிறிஸ்துமஸுக்கு இளவரசி மேரியின் பெயரால் பித்தளைப் பெட்டிகள் வந்தன. புகைப்போருக்குப் புகையிலை, சிகரெட், சுங்கான். புகை தொடாத சீக்கிய வீரருக்குக் கற்கண்டும் மசாலாப் பொருள்களும். யாரோ ஒருவர் நின்று நினைத்துப் பார்த்திருக்கிறார்.

பீரங்கிக் குண்டின் பித்தளை உறை பூச்சாடியாயிற்று. உறையைச் சூடேற்றி இளக்கி, உள்ளே ஈயமோ கீலோ உருக்கி ஊற்றி, ஆணியால் தட்டிப் பூவும் கொடியும் ஊர்ப்பெயரும் பொறித்தனர். அவ்வுறைகள் அரசுடைமை, திருப்பி அனுப்பப்பட வேண்டியவை. எனவே இக்கலையில் சிறிது களவும் உண்டு! எல்லாம் அகழியில் பிறந்தவையும் அல்ல. போர்முனைக்குப் பின்னிருந்த பட்டறைகளிலும் கைதி முகாம்களிலும் பல உருவாயின. போர் ஓய்ந்தபின் கல்லறை காண வந்தோரிடம் விற்கவென்றே ஊர்மக்களும் செய்தனர். விற்பனைச் சரக்கென்று அதனைத் தாழ்த்துவோர் உண்டு. நான் உடன்படேன். வீட்டை இடித்த குண்டின் உறையை விற்று உலை வைத்த குடும்பத்திடம் கலைத்தூய்மை பேச நமக்கு என்ன உரிமை?

அகழியிலேயே செய்யத்தக்கது மோதிரம். ஜெர்மானியக் குண்டுகளின் முனையிலிருந்த அலுமினியத்தை உருக்கி, வார்த்து, அரத்தால் ராவினர். கியோம் அப்பொலினேர் என்னும் பிரெஞ்சுக் கவிஞர் 1914 டிசம்பரில் பீரங்கிப் படையில் சேர்ந்தவர். தம்மைக் கொல்ல வந்த உலோகத்தில் மோதிரம் செய்து காதலி லூவுக்கு அனுப்பினார். பின்னர் மத்லேனுக்கும் அனுப்பினார். (சிரிக்கிறீர்கள், கவிஞர்கள் சிரிக்கலாகாது.)

1915 ஜூனில் அந்தப் போர்முனையிலேயே அவருடைய சிறு கவிதை நூலொன்றும் உருவாயிற்று. பெயர் 'கேஸ் தார்மோன்': பீரங்கி வண்டியில் வீரன் தன் சொந்தப் பொருள்களை வைக்கும் பெட்டி. அச்சகம் ஏது? கட்டமிட்ட தாளில், ஊதா மையில், படைத்தோழர்கள் எடுத்தவை 25 படிகள். மோதிரத்தையும் இந்நூலையும் வேறு வேறாக என்னால் காண இயலவில்லை.

1916 மார்ச் 17 அன்று குண்டுத் துணுக்கு அவர் தலையைத் துளைத்தது. பிழைத்தார். 1918 நவம்பர் 9 அன்று, போர்நிறுத்தத்துக்கு இரண்டு நாள் முன்பு, இன்ஃபுளுயன்சா அவரைக் கொண்டுசென்றது. கையெழுத்து இதழ் நடத்தியவர்கள் இவ்வவையில் இருக்கிறீர்கள். ஊதா மை விரலில் எத்தனை நாள் நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.