வீட்டு ரொட்டிப் பொறி

கோதுமை மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் ஆகிய நான்கு பொருள்களைக் கொண்டு ரொட்டி சுடுவது மனிதன் அறிந்த மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. அத்தொழில் முழுவதையும் ஒரு சிறு பெட்டிக்குள் அடக்கி, இரவில் பொத்தானை அழுத்திவிட்டு உறங்கினால் விடியற்காலையில் சூடான ரொட்டி காத்திருக்கும் என்று சொல்லி இன்று விற்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யன்று. ஆயினும் காத்திருப்பது ரொட்டியா, செங்கல்லா என்பது முந்திய இரவு நாம் என்ன செய்தோம் என்பதைப் பொறுத்தது. இரண்டு மூன்று முறை செங்கல்லைக் கண்டவர்கள் பொறியைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். பல ஆயிரம் ரூபாய் பரணில் உறங்குவது ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குச் சிறிய நஷ்டம் அன்று. ஆகவே, நேயர்களே, வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும், வாங்கியபின் எப்படிக் கையாள வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே பேசுவோம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் ரொட்டி என்றால் அடுமனையில் சுட்ட, உப்பிய ரொட்டிதான் நம் நினைவுக்கு வரும். டில்லியிலோ ரோட்டி என்றால் சப்பாத்தி. நாம் சொல்லும் பண்டத்துக்கு அங்கே டபுள் ரோட்டி என்று பெயர். கடைகளில் 'ரோட்டி மேக்கர்' என்று விற்கப்படுவது மாவு உருண்டையை அழுத்திச் சப்பாத்தி ஆக்கும் கருவி. நாம் பேசுவது 'பிரெட் மேக்கர்' பற்றி. ஒன்றை எண்ணி மற்றொன்றை வாங்கி வந்தவர்கள் உண்டு. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் வியப்பில்லை.

இப்பொறி ஜப்பானில் பிறந்தது. மட்சுஷிதா மின்கருவி நிறுவனத்தார் அதை அமைக்க முயன்றபோது, வெளிப்புறம் கருகியும் உட்புறம் வேகாமலும் ரொட்டி வந்துகொண்டிருந்தது. பொறி பிசைந்த மாவையும் தேர்ந்த ரொட்டிக்காரர் பிசைந்த மாவையும் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து ஒப்பிட்டும் காரணம் புலப்படவில்லை. அப்பொழுது தனாகா இகுகோ என்னும் பெண்மணி, ஒஸாகா சர்வதேச ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் சென்று தொழில் பயின்றார். அந்த மனிதர் மாவைப் பிசையும்பொழுதே அதை ஒரு தனிவகையில் இழுத்து நீட்டுகிறார் என்பதை அவர் கண்டுகொண்டார். ரொட்டிக்காரருக்கு அது கைப்பழக்கம். அதற்கென்று அவரிடம் சொல் இல்லை. அந்த இழுப்பைப் பொறியில் கொண்டுவரப் பாத்திரத்தின் உட்சுவரில் வரம்புகள் எழுப்பினார்கள். 1987ஆம் ஆண்டு பொறி விற்பனைக்கு வந்தது. நோனாகா இக்குஜிரோ என்னும் பேராசிரியர் 1991ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றால் இவ்வரலாறு உலகறிந்தது. கைப்பக்குவம் என்று நம் பாட்டிமார் சொல்வதைப் பொறியாக மாற்றிய கதை இது.

பொறியின் உள்ளமைப்பு எளிது. நடுவே கழற்றி எடுக்கக்கூடிய பாத்திரம். அதன் அடியில் சுழலும் துடுப்பு. பாத்திரத்தைச் சுற்றி மின்சாரச் சூட்டுக்கம்பி. வெப்பத்தை அளக்கும் உணர்வி. இவற்றை நேரப்படி ஏவும் ஒரு சிறு மின்னணுச் சில்லு. துடுப்பு மாவைப் பிசைகிறது. மெல்லிய வெப்பத்தில் மாவு பொங்குகிறது. துடுப்பு மீண்டும் சிறிது சுழன்று பொங்கியதை அடக்குகிறது. மறுமுறை பொங்கியதும் கம்பி சூடேறி ரொட்டி வேகிறது. சாதாரண ரொட்டிக்கு மூன்று முதல் நான்கு மணி நேரமும், முழுக்கோதுமை ரொட்டிக்கு அதனினும் சற்றுக் கூடுதலாகவும் பிடிக்கும். மின்சாரச் செலவு பெரும்பாலும் ஒரு ரொட்டிக்கு அரை யூனிட்டைத் தாண்டாது.

வாங்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு நம் விடை இது: வாரம் இருமுறையாவது ரொட்டி தின்னும் வீட்டுக்கு வேண்டும், மாதம் ஒருமுறை விருந்தாளிக்காகச் செய்யும் வீட்டுக்கு வேண்டாம். கடை ரொட்டி மலிவு. விலையைக் கணக்கிட்டு இப்பொறியை நியாயப்படுத்துவது கடினம். நியாயம் வேறிடத்தில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு டில்லியிலுள்ள அறிவியல், சுற்றுச்சூழல் மையத்தார் அந்நகரின் ரொட்டி வகைகளைச் சோதித்தபோது, பெரும்பாலானவற்றில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் இருப்பதாகக் கண்டார்கள். மாவை வலுப்படுத்தச் சேர்க்கப்பட்ட புரோமேட், புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்று ஐயுறப்படுவது. அவ்வாண்டிலேயே அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதை அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. பழுப்பு ரொட்டி என்று விற்பவற்றிலும் சில, மைதாவுக்கு நிறமி சேர்த்தவையே. வீட்டில் செய்தால் உள்ளே போவது என்னவென்று நமக்குத் தெரியும். சிறு குழந்தையும் நோயாளியும் உள்ள வீட்டில் இந்த அறிவுக்கு மதிப்பு உண்டு. இதற்காக வீட்டு ரொட்டி யாவும் உடலுக்கு நல்லது என்று எண்ணிவிடவும் கூடாது. சர்க்கரையும் வெண்ணெயும் தாராளமாகச் சேர்த்தால் அது வீட்டில் செய்த கேக்குதான்.

வாங்கும்போது, பொத்தான்களின் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். இருபது திட்டங்கள் உள்ள பொறியில் நாம் நாளடைவில் பயன்படுத்துவன மூன்றோ நான்கோதான்: சாதா ரொட்டி, முழுக்கோதுமை ரொட்டி, மாவு மட்டும் பிசைதல், சில வேளை ஜாம். இவற்றுள் மாவு பிசையும் திட்டம் நம் நாட்டு வீட்டுக்கு எதிர்பாராத வரம். முழங்கை வலிக்கும் மாமியாருக்கு அதுவே பொறியின் முழுப் பயனாகவும் அமையக்கூடும். அளவைப் பொறுத்தவரை, 300 கிராம் மாவு ஏறத்தாழ 450 கிராம் ரொட்டி தரும். மூவர் உள்ள வீட்டுக்கு அது போதும். பெரிய பாத்திரத்தில் சிறிய ரொட்டி சுட்டால் உருவம் கோணும். பாத்திரம் நின்ற வாக்கில் இருந்தால் ரொட்டி உயர்ந்து தூண்போல் வரும். நீண்ட வாக்கில் இருந்து இரு துடுப்புகள் உடையதாயின் கடை ரொட்டியின் வடிவம் கிட்டும். நமக்கு எல்லாவற்றினும் முக்கியமாகப் படுவது வேறு: துடுப்பும் பாத்திரமும் உதிரியாகக் கிடைக்குமா என்பது. இவ்விரண்டும்தான் முதலில் தேயும். கிடைக்காது என்று கடைக்காரர் சொன்னால் பொறி எத்துணை அழகாயினும் விட்டுவிடலாம். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பொறி 120 வோல்ட்டுக்கு உரியது. அதை நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் அன்றே அதன் ஆயுள் முடிந்தது.

இனி மாவு. தோல்வியின் வேர் பெரும்பாலும் இங்கேதான். கோதுமையிலுள்ள புரதங்கள் நீரோடு சேர்ந்து பிசையப்படும்போது குளூட்டன் என்னும் மீள்தன்மையுள்ள பசையாகின்றன. ஈஸ்ட் வெளியிடும் கரியமில வாயு இந்தப் பசை வலையில் சிக்கி மாவை உப்பச் செய்கிறது. பொறியோடு வரும் குறிப்பேடு புரதம் மிகுந்த, ரொட்டிக்கென்றே அரைத்த மாவை எண்ணி எழுதப்பட்டது. நம் கடை மைதாவில் பெரும்பாலும் அவ்வளவு வலு இல்லை. நம் ஆட்டாவோ சப்பாத்திக்காக அரைக்கப்படுவது. கல் திரிகையில் நெருக்கி அரைபடுவதால் அதன் மாச்சத்து ஓரளவு சிதைந்து, நீரை மிகுதியாக உறிஞ்சுகிறது. சப்பாத்தி மிருதுவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மேலும், தவிட்டுத் துணுக்குகள் பசை இழைகளை அறுத்துவிடும். ஆகவே குறிப்பேட்டிலுள்ள நீரளவை அப்படியே ஆட்டாவுக்கு ஊற்றினால் செங்கல் உறுதி.

வழி இல்லாமலில்லை. தொடங்குபவர்கள் பாதி மைதா, பாதி ஆட்டா என்று கலந்து கொள்ளட்டும். 400 கிராம் கலவைக்கு 270 முதல் 280 மில்லிலிட்டர் நீர், 7 கிராம் உப்பு, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், 4 கிராம் உலர் ஈஸ்ட் என்று ஆரம்பிக்கலாம். முழுவதும் ஆட்டாவாயின் நீர் 300 மில்லிலிட்டர் அளவுக்கு ஏறும். மாவையும் நீரையும் கலந்து அரைமணி ஊறவிட்டுப் பின் மற்றவற்றைச் சேர்த்துப் பொறியை ஓட்டினால் தவிடு நனைந்து மென்மையாகும். பொடியாக விற்கும் கோதுமைப் பசையை இரண்டு தேக்கரண்டி சேர்ப்பதும் கைகொடுக்கும். கேழ்வரகு, கம்பு ஆகியவற்றில் குளூட்டன் இல்லை. ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் மணமும் சத்தும் உண்டு, அவற்றை மட்டும் போட்டால் ரொட்டி எழும்பாது.

அளவைத் தராசில் நிறுத்துக் கொள்க. கண்ணளவும் கையளவும் சாம்பாருக்குப் பொருந்தும், ரொட்டிக்குப் பொருந்தா. குறிப்பேட்டின் 'கப்' அமெரிக்கருக்கு 240 மில்லிலிட்டர், ஜப்பானியருக்கு 200. நம் வீட்டு டம்ளருக்கோ வீட்டுக்கு வீடு ஓர் அளவு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மின்னணுத் தராசு, பொறிக்கு அடுத்தபடி வாங்கவேண்டிய பொருள். அதை முதலிலேயே வாங்குவது இன்னும் நல்லது.

பொருள்களை இடும் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். சிலர் நீரை முதலில் ஊற்றச் சொல்வார்கள்; சிலர் ஈஸ்டை அடியில் போட்டு நீரைக் கடைசியில் ஊற்றச் சொல்வார்கள். இரண்டிலும் கருத்து ஒன்றே: பிசைதல் தொடங்கும்வரை ஈஸ்ட் நனையக்கூடாது, உப்போடு நேரே உறவாடவும் கூடாது. இரவெல்லாம் காத்திருந்து விடியலில் சுடும்படி நேரம் குறிக்கும்போது இது இன்றியமையாதது. அவ்வாறு குறிக்கும் நாளில் பாலும் முட்டையும் சேர்க்கலாகாது. வெப்ப நாட்டில் அவை இரவில் கெட்டுவிடும்.

பொறி ஓடத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆனதும் மூடியைத் திறந்து பாருங்கள். திறக்கக்கூடாது என்ற அச்சம் பலருக்கு உண்டு. பிசையும் பருவத்தில் தாராளமாகத் திறக்கலாம். வேகும் பருவத்தில்தான் கூடாது. மாவு ஒரே உருண்டையாய், சப்பாத்தி மாவைவிடச் சற்றுத் தளர்வாய், பாத்திரத்தின் சுவரை விட்டு விலகிச் சுழலவேண்டும். கூழாய் ஒட்டினால் ஒரு கரண்டி மாவு. உதிரியாய்ச் சிதறினால் ஒரு கரண்டி நீர். இந்த ஒரு பார்வையே பாதித் தோல்விகளைத் தடுத்துவிடும்.

பருவமும் கணக்கில் வரும். இட்லி மாவு கோடையில் விரைந்து புளிப்பதும் குளிரில் அசைய மறுப்பதும் நாம் அறிந்தவை, ஈஸ்டும் அப்படியே. டில்லியின் ஜூன் மாதத்தில் குளிர்ந்த நீரை ஊற்றி, ஈஸ்டைக் கால் பங்கு குறைக்கவேண்டும். குறைக்காவிடில் மாவு அளவுக்கு மீறிப் பொங்கி, வேகும்போது நடுவே குழிந்துவிடும். அதே டில்லியின் ஜனவரியில் வெதுவெதுப்பான நீர் வேண்டும். கை பொறுக்காத சூடு ஈஸ்டைக் கொன்றுவிடும். மழைக்காலத்தில் மாவே ஈரம் ஏந்தியிருக்கும். நீரை இரண்டு கரண்டி குறைக்கலாம். பழைய ஈஸ்டின் மீது ஐயம் எழுந்தால், சிறிது சர்க்கரை கரைத்த வெதுவெதுப்பான நீரில் தூவிப் பத்து நிமிடம் பாருங்கள். நுரைத்தால் உயிர் உண்டு.

வெந்ததும் ரொட்டியை உடனே வெளியே எடுக்கவேண்டும். உள்ளேயே விட்டால் வியர்த்து ஊறிப்போகும். கம்பித் தட்டின்மேல் ஒரு மணி நேரமாவது ஆறவிட்டு அறுத்தால்தான் துண்டு பிசுபிசுக்காது. இந்த ஒரு மணி நேரம் குழந்தைகளைத் தடுத்து வைப்பது பொறியால் ஆகிற காரியம் அன்று. துடுப்பு ரொட்டியின் அடியில் மாட்டிக்கொண்டு வந்தால் கத்தியால் குத்தாமல் மரக்குச்சியால் நெம்புங்கள். பாத்திரத்தின் ஒட்டாப் பூச்சின்மேல் உலோகக் கரண்டி படவே கூடாது.

கடை ரொட்டியில் பூஞ்சணத்தைத் தடுக்கும் உப்புகள் சேர்ப்பதுண்டு. நம் ரொட்டியில் அவை இல்லை. சென்னை போன்ற ஈர ஊர்களில் இரண்டு நாளைக்கு மேல் வெளியில் வைப்பது அபாயம். குளிர்பெட்டியின் சாதாரணப் பகுதியில் வைத்தால் விரைவில் காய்ந்து கெட்டியாகும். துண்டுகளாக அறுத்து உறைபெட்டியில் வைத்து, வேண்டும்போது எடுத்து வாட்டிக்கொள்வதே சரியான முறை.

கடைசியாக, மின்வெட்டு. நல்ல பொறிகள் சில நிமிட வெட்டைப் பொறுத்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். எத்தனை நிமிடம் என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நீடித்து, மாவு இன்னும் வேகத் தொடங்காமலிருந்தால் கவலை வேண்டாம். மாவை எடுத்து உருண்டைகளாக்கித் தட்டி, தோசைக்கல்லில் மூடிபோட்டு இருபுறமும் சுட்டால் நான் போன்ற பண்டம் கிடைக்கும். சுண்டலோடும் குருமாவோடும் நன்றாகவே இருக்கும்.