வாசற்படியைக் கட்டியவர் யார்?



கொய்யாவுக்குப் பேர்போன இந்த ஆயக்குடி, காசு வாங்காமல் டி.என்.பி.எஸ்.சி. பாடம் நடத்தியும் பேர் வாங்கியிருக்கிறது. அதனால்தான் இந்தப் பேச்சை இங்கே பேச வந்தேன். இங்கே படிக்க வரும் உங்களில் பலர் நாளைக்கு வி.ஏ.ஓ. ஆவீர்கள், இளநிலை உதவியாளர் ஆவீர்கள். மாற்றுத்திறனாளி ஒருவர் மனுவோடு உங்கள் மேசை முன்னால் வந்து நிற்பார். அதற்கு முன்பே, உங்களோடு ஒரே தேர்வை எழுத வருவார். அந்தத் தேர்வறைக்கு உங்களைக் கூட்டிப் போகிறேன், வாருங்கள்.

குரூப் 4 தேர்வு. 200 கேள்வி, 3 மணி நேரம். பார்வையில்லாத தங்கை ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில், அவள் சொல்வதை எழுத வந்தவர். அந்த ஆளை இன்று காலைதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். தங்கை "டி" என்கிறாள். அவர் காதில் "பி" என்று விழுகிறது. பி, டி, ஈ மூன்றும் கிசுகிசுக் குரலில் ஒரே சத்தம்தானே! விடைத்தாளில் கறுப்பாக்கிவிட்ட வட்டத்தை அழிக்க முடியுமா? வரைபடம் போட்ட கணக்கு வந்தால், படத்தை எழுத்தர் வாயால் வரைந்து காட்ட வேண்டும். அவருக்கே கணக்கு வராவிட்டால்? விதிப்படி மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. அதைப் பார்த்து, "அவங்களுக்கு என்னப்பா, எக்ஸ்ட்ரா டைம்" என்று வெளியே வந்து பேசுகிறோம். அந்த நேரம் இவள் கேள்வியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்பதற்கே போதவில்லை, தோழர்களே!

"ஒதுக்கீடு கொடுத்தால் தகுதி போய்விடும்" என்கிறார்கள். யாருடைய தகுதியை எதை வைத்து அளந்தீர்கள்? நம் தமிழ்நாட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2014இல் சிவில் நீதிபதி பதவிக்கு அறிவிப்பு வந்தது. பார்வைக் குறைபாடு 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால்தான் ஒதுக்கீட்டில் வரலாம் என்று அரசு கோடு போட்டது. 70 சதவீதக் குறைபாடு உள்ள ஒருவர் வழக்குப் போட்டார். உயர்நீதிமன்றத்தில் தோற்றார். 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அரசு போட்ட கோடு சரி என்றது. அவருக்குச் சட்டம் தெரியுமா, வாதங்களைக் கேட்டுத் தீர்ப்பு எழுதத் தெரியுமா என்பதா அங்கே கேள்வி? மருத்துவச் சான்றிதழில் இருந்த ஒரு எண் அவரை வாசலிலேயே மறித்துவிட்டது.

அந்தத் தீர்ப்பு நிலைக்கவில்லை. விகாஷ் குமார் என்ற மருத்துவப் பட்டதாரி. பேனா பிடித்தால் கை இழுத்துக்கொள்ளும். யு.பி.எஸ்.சி. அவருக்கு எழுத்தர் தர மறுத்தது. 2021 பிப்ரவரி 11 அன்று உச்சநீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஒருவருக்கு எது தேவையோ அதை ஏற்பாடு செய்து கொடுப்பது அரசின் கடமை, மறுத்தால் அது பாகுபாடு என்றது. 2019 தீர்ப்பு இனி முன்மாதிரி ஆகாது என்றும் சொன்னது. 2025 மார்ச் 3 அன்று, பார்வையில்லை என்ற காரணத்துக்காக நீதித்துறைப் பணியை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. நல்லது. ஆனால் 2014இல் வாசலில் நின்றவருக்குப் போன வருடங்களை யார் திருப்பிக் கொடுப்பார்?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் பொது அறிவுப் பாடமாக மனப்பாடம் செய்திருப்பீர்கள். 21 வகைக் குறைபாடு, வேலையில் 4 சதவீதம், உயர்கல்வியில் 5 சதவீதம். பரீட்சைக்கு அது போதும். மேசைக்குப் போகும்போது இன்னும் இரண்டைக் கொண்டு போங்கள். பொதுக் கட்டடங்களை எல்லோரும் நுழையும்படி மாற்ற அந்தச் சட்டம் தந்த கெடு 5 ஆண்டு. 2017 ஜூனில் விதிகள் வந்தன, 2022 ஜூனில் கெடு முடிந்தது. இன்னொன்று, மாற்றுத்திறனாளியைப் பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை.

அண்ணாந்து பாருங்கள், பழனி மலை. ஏற முடியாதவரும் முருகனைப் பார்க்கட்டும் என்று விஞ்ச் ஓடுகிறது. 2004இல் ரோப் காரும் வந்தது. ஒரு மலைக்கே வழி கண்ட நமக்கு, அலுவலக வாசலில் மூன்று படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் கட்டத் தெரியாதா? கட்டியிருக்கிற இடத்தில் போய்ப் பாருங்கள். சக்கர நாற்காலி தலைகுப்புற விழும் செங்குத்து. இல்லையென்றால் அதன் மேல் நாலு பைக். சாய்தளம் இருக்கிறது என்று கோப்பில் டிக் அடித்தாயிற்று!

"நாம் இரக்கப்பட வேண்டும்" என்று பேசுகிறவர்களைத் தென்காசிப் பக்கத்து ஆய்க்குடிக்குப் போய்ப் பார்க்கச் சொல்கிறேன். எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவர். 1975இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே உடம்பு அசையாமல் போனது. 1981இல் தன் ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயுள்ள கணக்காயர் சங்கரராமன் வந்து சேர்ந்தார். பள்ளி, சிகிச்சை, தொழிற்பயிற்சி என்று அது வளர்ந்து நிற்கிறது. சக்கர நாற்காலியில் இருந்த இந்த இருவரும் நம் இரக்கத்தையா கேட்டார்கள்? நிர்வாகம் செய்தார்கள். மதுரைப் பெண் பூரணசுந்தரிக்குப் பார்வை இல்லை. 2019 சிவில் சர்வீஸ் தேர்வில் 286ஆம் இடம் பிடித்தார்.

2025 ஏப்ரலில், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்கச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. ஆயக்குடியும் பேரூராட்சிதான். அந்த நாற்காலிக்கு வருகிறவர் பேசும்போது காது கொடுங்கள். முதலில் அவர் மன்றத்துக்குள் வருவதற்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

படிக்கிற உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் குறிப்புகளை வாய்விட்டுப் படித்துச் செல்போனில் பதிவு செய்யுங்கள், பார்வையில்லாத தோழருக்கு அனுப்புங்கள். சொல்வதை எழுத முன்வருகிறவர்கள், மேடைக்குக் கீழே இருக்கிற நோட்டில் பெயர், படிப்பு, எந்தப் பாடம் வரும் என்று எழுதிவிட்டுப் போங்கள். யாருக்காக எழுதப் போகிறீர்களோ, தேர்வுக்கு முந்தின வாரமே அவரோடு உட்கார்ந்து பழக வேண்டும். "டி" என்றால் டில்லி, "பி" என்றால் பம்பாய் என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.