“என்ன கேட்டாங்க?”

இன்று பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே!

பட்டமளிப்பு விழாவில் சேவையைப் பற்றிப் பேசுவார்கள். நான் தேர்வைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இந்த அங்கியைக் கழற்றியதும் உங்களில் பெரும்பாலானோர் மறுபடி புத்தகத்தின் முன்னால்தான் உட்காரப்போகிறீர்கள். பலருக்கு மேற்படிப்புக்கான நீட் பிஜி, சிலருக்கு பிரிட்டனுக்கான பிளாப், இன்னும் சிலருக்கு அமெரிக்காவுக்கான யுஎஸ்எம்எல்இ. எழுதி முடித்து வெளியே வந்து செல்போனை ஆன் செய்தால், அம்மாவின் அழைப்புக்கு முன்பே ஒரு செய்தி வந்து நிற்கும்: “என்ன கேட்டாங்க?” அதற்கு நீங்கள் சொல்லும் பதிலைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

வினாத்தாள் கசிவைப் பற்றி நான் பேசவில்லை. அதற்கு 2024-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது, அதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும். நான் சொல்வது, பணம் வாங்காமல், கெட்ட எண்ணம் இல்லாமல், நண்பனுக்காக நினைவிலிருந்து எடுத்துச் சொல்கிறோமே, அந்த ரீகாலைப் பற்றி.

இந்தப் பழக்கம் நுழைவுத் தேர்வில் தொடங்குவதில்லை. இறுதியாண்டு கிளினிக்கல் தேர்வன்று காலையிலேயே தொடங்கிவிடுகிறது. முதல் பேட்ச் வெளியே வருவதற்குள் எந்தப் படுக்கையில் என்ன கேஸ் என்பது விடுதிவரை போய்விடும். ஹவுஸ் சர்ஜன் சொல்லுவார், வார்டு ஊழியர் சொல்லுவார், சில நேரம் நோயாளியே “எனக்கு மண்ணீரல் வீக்கம், தம்பி” என்று கனிவோடு சொல்லிவிடுவார். தேர்வாளர்களாக இருக்கும் நாங்கள் எல்லோரும் அடுத்து நடப்பதைப் பார்த்திருக்கிறோம். மாணவர் நேராக இடது விலா எலும்பின் ஓரத்தில் கையை வைத்து, “மண்ணீரல் தட்டுப்படுகிறது சார்” என்பார். வலது அடிவயிற்றில் தொடங்கி, நோயாளி மூச்சை இழுக்க இழுக்க, கையைக் குறுக்காக மேலே நகர்த்திப் போகவேண்டும் என்று உங்களுக்கு மூன்றாம் ஆண்டிலேயே சொல்லிக்கொடுத்தோம். காரணம் இருக்கிறது. வயிற்றின் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும் பெரிய மண்ணீரலின் விளிம்பு விலாவுக்குக் கீழே வெகு தூரத்தில் இருக்கும். விலா ஓரத்தில் கை வைப்பவர் அந்த உறுப்பின் மேலேயே கையை வைத்துவிட்டு, விளிம்பைத் தவறவிடுவார். விடை தெரிந்த கை தேடாது. தேடாத கைக்கு எதுவும் தட்டுப்படாது.

இன்னும் மோசமானதும் நடக்கும். மதியம் நோயாளியை மாற்றிவிடுவோம். காலையில் எம்எஸ் கேஸ், அதாவது மைட்ரல் வால்வு சுருக்கம், என்று கேட்டுக்கொண்டு வந்தவர், ஸ்டெதஸ்கோப்பின் பெல்லை இதயத்தின் நுனிப் பகுதியில் வைத்து, இல்லாத முணுமுணுப்பை இருக்கிறது என்பார். அவர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு அது கேட்கிறது. அதுதான் என்னைக் கலங்கவைக்கிறது. நாளை இரவுப் பணியில், முந்தைய மருத்துவமனை எழுதி அனுப்பிய சீட்டில் ‘அல்சர்’ என்று இருந்தால், மாரடைப்போடு வந்தவரிடம் அவர் அல்சரைத்தான் பார்ப்பார்.

பலவுள் தெரிவு வினாவுக்கும் இது பொருந்தும். ஒரு நல்ல வினாவை எழுதிப் பார்த்தவர்களுக்கு அதன் பாடு தெரியும். 34 வயதுப் பெண், மூன்று வாரக் காய்ச்சல், இரண்டு பரிசோதனை முடிவுகள், ஐந்து விடைகள். ஐந்துமே ஓரளவு பொருந்தவேண்டும், ஒன்றுதான் சிறந்ததாக இருக்கவேண்டும். ஒருவர் எழுதுவார், வேறு சிலர் குறை கண்டு திருத்துவார்கள். யுஎஸ்எம்எல்இ போன்ற தேர்வுகளில் புது வினாவை முதலில் மதிப்பெண் இல்லாமல் மற்ற வினாக்களோடு கலந்து வைத்துப் பார்ப்பார்கள். நன்றாகப் படித்தவர்கள் சரியாகவும் படிக்காதவர்கள் தவறாகவும் எழுதினால்தான் அது தேறும். அப்படித் தேறிய வினாக்களில் சிலவற்றைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தித்தான், இந்த ஆண்டுத் தேர்வு போன ஆண்டைவிடக் கடினமா எளிதா என்று கணக்கிட முடிகிறது. ஒரு குழுவில் அந்த வினா பரவியது என்றால், படிக்காதவரும் சரியாக எழுதுவார், அத்தோடு அந்த வினாவின் உயிர் போய்விடும்.

நீட் பிஜி ஒரே நாளில் முடிந்துவிடும், எனவே ரீகால் அடுத்த ஆண்டுக்காரருக்குத்தான் போகும். யுஎஸ்எம்எல்இ ஆண்டு முழுவதும் நடக்கிறது. நீங்கள் இன்று சொல்வது அடுத்த வாரம் எழுதுபவரின் மதிப்பெண்ணாகிவிடும். இந்த இரண்டிலுமே, வினாக்களை வெளியே சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் முதல் கேள்வியே திரையில் வருகிறது. நம்மில் எத்தனை பேர் அதைப் படித்துவிட்டு ‘சம்மதம்’ என்பதை அழுத்துகிறோம்?

அமெரிக்க உள்மருத்துவ வாரியம் 2010-ல் 139 மருத்துவர்கள் மீது நடவடிக்கை எடுத்தது. ஒரு பயிற்சி நிறுவனத்தின் வகுப்புகளில் சேர்ந்து, தேர்வு முடிந்ததும் வினாக்களை நினைவிலிருந்து எழுதிக் கொடுத்ததாகவோ கேட்டு வாங்கியதாகவோ அவர்கள் மீது குற்றச்சாட்டு. இரண்டு ஆண்டு கழித்து, கதிரியல் துறையில் பயிற்சி மருத்துவர்கள் பல ஆண்டுகளாக ரீகால் தொகுப்புகளை வைத்துப் படித்துவந்ததை சிஎன்என் வெளிக்கொண்டுவந்தது. ‘எல்லோரும் செய்கிறார்கள்’ என்பதுதான் அங்கேயும் சொல்லப்பட்ட சமாதானம். 2024 ஜனவரி இறுதியில் நேபாளத்தோடு தொடர்புடைய 800-க்கும் மேற்பட்டவர்களின் யுஎஸ்எம்எல்இ மதிப்பெண்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. மேற்படிப்பு இடம் முடிவாகும் நேரம் அது. வழக்குப் போட்டார்கள், நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்துவிட்டது. வினாக்களை முன்பே பார்த்தவர்கள் யார், பார்க்காதவர்கள் யார் என்பதை மறுதேர்வு எழுதித்தான் நிரூபிக்கவேண்டியிருந்தது. யாரோ சிலர் செய்த ‘உதவி’ ஒரு நாட்டுப் பிள்ளைகள் எல்லோர் பெயரையும் சந்தேகத்தில் நிறுத்திவிட்டது. நம் ஊர்ப் பெயருக்கும் அது நேரலாம்.

என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அதில் முதலில் சேர்ந்த பிள்ளைகள் இப்போது மருத்துவர்களாகிறார்கள். அவர்களில் பலருக்குக் குடும்பத்தில் முன்பு எந்த மருத்துவரும் கிடையாது. பெரிய பயிற்சி மையத்துக்குக் கட்டப் பணமும் கிடையாது. ரீகால் தானாக எல்லோருக்கும் போய்ச்சேர்வதில்லை. அது நட்பு வட்டம் வழியாகவும் கட்டணம் வழியாகவும் போகிறது. தரவரிசைத் தேர்வில் நீங்கள் ஒருவருக்குச் சொல்லும் ஒவ்வொரு கேள்வியும், உங்களுக்குப் பெயர் தெரியாத ஒருவரைக் கீழே தள்ளுகிறது. நாம் நட்பு என்று நினைத்துச் செய்வதை அவர் பக்கம் நின்று பார்த்தால் அது அநியாயம்.

இதற்கு எதிராக ஒரு நியாயமான வாதம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. “யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வு எழுதியவர் வினாத்தாளைக் கையோடு எடுத்துப் போகிறார். டிஎன்பிஎஸ்சி உத்தேச விடைகளை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கிறது. எங்களுக்கு மட்டும் ஏன் மூடுமந்திரம்? கேள்வியே தப்பாக இருந்தால் எதை வைத்து முறையிடுவது?” என்று கேட்கிறீர்கள். சரியான கேள்விதான். ரகசியம் தேர்வைக் காப்பது போலவே தேர்வு நடத்துபவரின் தவறையும் காத்துவிடும். அதைத் தட்டிக் கேளுங்கள், கூட்டாகக் கேளுங்கள். 2024-ல் இரண்டு ஷிப்டாக நடந்த நீட் பிஜி, 2025-ல் ஒரே ஷிப்டாக நடந்தது மருத்துவர்கள் உச்ச நீதிமன்றம் போனதால்தான். அந்தக் கோரிக்கையில் உங்கள் பெயரும் கையெழுத்தும் இருக்கும். ரீகால் பிடிஎஃப்பில் யாருடைய பெயரும் இருக்காது.

அப்படியானால் தேர்வு முடிந்து வாயே திறக்கக்கூடாதா? திறக்கலாம். மூன்றரை மணி நேரம் அடக்கிவைத்த பதற்றத்தை நண்பனிடம் கொட்டாமல் யாரால் இருக்கமுடியும்? நேரம் போதவில்லை என்று சொல்லுங்கள், மருந்தியல் கழுத்தை அறுத்தது என்று சொல்லுங்கள். தைராய்டு நெருக்கடியில் எந்த மருந்தை முதலில் கொடுப்பது என்று தடுமாறியிருந்தால், வீட்டுக்கு வந்து பாடப்புத்தகத்தைத் திறங்கள், அந்தப் பகுதி முழுவதையும் படியுங்கள், புரியாவிட்டால் பேராசிரியரைக் கேளுங்கள். வந்த வினாவை வந்தபடி, நோயாளியின் வயதோடும் விடைகளின் வரிசையோடும், இன்னும் எழுதாத ஒருவர் கையில் கொடுக்கும்போதுதான் எல்லை தாண்டுகிறீர்கள். ஜூனியர் கேட்டால் “சொல்லமாட்டேன்டா, சம்மதம் கொடுத்துட்டேன். உனக்கு எந்தப் பாடம் இடிக்குது, சொல்லு, உட்கார்ந்து படிக்கலாம்” என்று நேரடியாகச் சொல்லுங்கள். அன்று அவர் முகம் சுருங்கலாம். உங்களுடன் உட்கார்ந்து படித்த ஒரு மணி நேரத்துக்காக அவர் பிறகு உங்களைத் தேடி வருவார்.

முன்வரிசையில் இருக்கும் என் சக ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். பத்து ஆண்டுகளாக அதே வினாக்களைச் சுழற்றினால், மாணவர்கள் பழைய தாள்களைத்தான் படிப்பார்கள், அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. கிளினிக்கல் தேர்வில் இரண்டு பேட்ச்களுக்கு நடுவே நோயாளிகளை மாற்றுங்கள். கேஸைத் தேடிப் பிடித்துத் தரும் வேலையை ஹவுஸ் சர்ஜன்களிடம் விடாதீர்கள், நோயாளியைத் தேர்ந்தெடுக்கத் தேர்வாளர்களே காலையில் வார்டுக்குப் போங்கள். நோயின் பெயரைச் சொன்னதற்கு மட்டும் மதிப்பெண் தராதீர்கள், மாணவர் தொட்டுப் பார்த்த முறைக்கும் கொடுங்கள். தனக்குத் தட்டுப்படாததை “தட்டுப்படவில்லை சார்” என்று சொல்லத் துணிந்த மாணவருக்கு ஒரு மதிப்பெண் கூடவே போடுங்கள்.

பட்டம் பெறும் அனைவருக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள்.