தலையை எண்ணினார்கள், வாக்கை எண்ணினார்களா?

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்கக் குடியரசுத் தலைவரை அந்நாட்டு மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது உண்மையல்ல. உண்மை என்ன என்பதைச் சொல்லவே இங்கு நிற்கிறேன்.

அந்தப் பதவிக்குத் தகுதிகள் மூன்று. 35 வயது நிறைந்திருக்க வேண்டும். 14 ஆண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். பிறப்பாலேயே குடிமகனாக இருக்க வேண்டும். படிப்பைக் கேட்கவில்லை, சொத்தைக் கேட்கவில்லை; பிறப்பைக் கேட்கிறார்கள்! ஆஸ்திரியாவில் பிறந்த அர்னால்டு சுவார்ஸ்நெக்கர் 2003இல் கலிபோர்னியாவின் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் குடியரசுத் தலைவராக அவரால் வர முடியாது. நம் இந்திய அரசியல் சட்டமும் குடியரசுத் தலைவருக்கு 35 வயது கேட்கிறது. ஆனால் குடிமகனாக இருந்தால் போதும் என்கிறது.

குடியேறியவருக்கு அடைத்த கதவு, அங்கே பிறந்த அவர் பிள்ளைக்குத் திறந்திருக்கிறது. சென்னையில் பிறந்து 1958இல் படிக்கச் சென்றவர் சியாமளா கோபாலன். அவருடைய மகள் கமலா ஹாரிஸ் 1964இல் ஓக்லாந்து நகரில் பிறந்தார். 2020 தேர்தலில் துணைத் தலைவர் பதவிக்கு வென்றார். 2024இல் தலைவர் பதவிக்கு நின்று தோற்றார். தோல்வி வேறு, நிற்கும் உரிமை வேறு. அந்த மண்ணில் பிறந்தவர் அந்நாட்டுக் குடிமக்களே என்று 1868இல் அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். யாருக்காக எழுதினார்கள்? அடிமைத் தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்காக! அவர்கள் சிந்திய கண்ணீரில் விளைந்த உரிமை, குடியேறியோரின் பிள்ளைகளுக்கும் நிழல் தந்தது.

சரி, தேர்தல் எப்படி? நவம்பரில் மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள். அந்த ஓட்டு வேட்பாளருக்கு நேராகப் போவதில்லை; தேர்வாளர்கள் என்ற குழுவைத் தேர்ந்தெடுக்கிறது. அவர்கள் டிசம்பரில் கூடி வாக்களிக்கிறார்கள். மொத்தம் 538 பேர். 270 கிடைத்தால் வெற்றி. 50 மாநிலங்களில் 48 மாநிலங்களில், ஒரு ஓட்டு கூடுதலாகப் பெற்றவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் அத்தனை பேரும்!

இதனால் என்ன ஆகிறது? 2000இல் புளோரிடாவில் 537 ஓட்டு வித்தியாசத்தில் 25 தேர்வாளர்களையும் பெற்று ஜார்ஜ் புஷ் தலைவரானார். நாடு முழுவதும் எண்ணினால் அல் கோர் 5 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டுகள் கூடப் பெற்றிருந்தார். 2016இல் ஹிலாரி கிளின்டன் 28 லட்சத்துக்கும் அதிகமாகப் பெற்றார்; பதவி டிரம்புக்குப் போனது.

ஏன் இப்படி ஒரு முறை? 1787இல் சட்டம் எழுதியபோது சிறிய மாநிலங்களின் அச்சம் ஒரு காரணம். அடிமை மாநிலங்களின் கணக்கு இன்னொரு காரணம். மக்கள் தொகையைப் பார்த்து இடங்களைப் பங்கிடும்போது, 5 அடிமைகளை 3 ஆட்களாகக் கணக்கிட்டார்கள். அந்தத் தலைகளால் எசமானர்களின் மாநிலத்துக்குத் தேர்வாளர்கள் கூடினார்கள், அடிமைக்கோ ஓட்டில்லை. முதல் 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் வர்ஜீனியாவின் அடிமை முதலாளிகளே தலைவர்களாக இருந்தார்கள் என்றால் வியப்பென்ன?

அடிமை முறை ஒழிந்தது. 1870இல் நிறத்தைக் காட்டி ஓட்டை மறுக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. தெற்கத்தி மாநிலங்கள் என்ன செய்தன? ஓட்டுப் போடத் தலைவரி கட்டு என்றன. எழுத்துப் பரீட்சை எழுது என்றன. கறுப்பர் இப்போது முழுத் தலையாக எண்ணப்பட்டார். வாக்கு மட்டும் எண்ணப்படவில்லை! 1965 மார்ச்சில் செல்மா நகரப் பாலத்தில் தடியடி பட்டு இரத்தம் சிந்திய பிறகே, அந்த ஆண்டு ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அதிலும் முக்கியமான கண்காணிப்புப் பகுதியை 2013இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்துவிட்டது. பெற்ற உரிமையைக் காத்தும் ஆக வேண்டும் என்பதே இதன் பாடம்.

2020 கணக்கெடுப்பின்படி கலிபோர்னியாவுக்கு 54 தேர்வாளர்கள். குடியுரிமை பெறாமல் அங்கே தோட்டங்களில் பழம் பறிக்கும் கூலிகளும் அந்தக் கணக்கெடுப்பில் சேர்ந்தவர்களே. அவர்களுக்கு ஓட்டில்லை.

தோழர்களே! நாம் இந்த நாட்டின் குடிமக்கள். எந்த மாநிலத்தில் வழக்கமாக வசிக்கிறோமோ அங்கே ஓட்டுப் போட நமக்கு உரிமை உண்டு. ஆனால் நம்மில் எத்தனை பேர் பெயர் இன்னும் ஊர்ப் பட்டியலில் கிடக்கிறது? ஓட்டு நாளில் ஊருக்குப் போக ரயில் கட்டணம் இல்லை; இங்கே பட்டியலில் பெயர் இல்லை. அங்கும் இல்லை, இங்கும் இல்லை!

இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பது சட்டப்படி தவறு. ஒரே இடத்தில் வையுங்கள். வாழும் இடத்தில் வையுங்கள். வீட்டில் 18 வயது நிறைந்த பெண் பிள்ளைகளின் பெயரையும் சேர்த்துவிட்டுத்தான் மறுவேலை பாருங்கள். குழாயடித் தண்ணீர் முதல் குடிசைப் பட்டா வரை கேட்கப் போகும்போது, தலைக்கணக்கை யாரும் மதிக்கமாட்டார்கள். ஓட்டுக் கணக்கைத்தான் மதிப்பார்கள்.