சிரிப்பும் குடும்ப நலமே



தடுப்பூசி, சத்துணவு, குடும்பக் கட்டுப்பாடு என்று பேசுகிற சுகாதாரத் துறைக்காரர் இன்று சிரிப்பைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைக்காதீர்கள். இதுவும் உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

ஒரு நாள் பொழுதில் எத்தனை எரிச்சல்! தண்ணீர் பாய்ச்சும் நேரத்தில் கரண்ட் போய்விடும். ரேஷன் கடையில் நம் முறை வரும்போது பருப்பு தீர்ந்துவிடும். காயப்போட்ட சேலையை ஆடு மென்றுகொண்டிருக்கும். கோபம் வந்தால் நெஞ்சு படபடக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. வாய்விட்டுச் சிரித்தாலோ, இறுகிய தசைகள் தளர்கின்றன, மனசும் லேசாகிறது. ஆனால் ஒன்று: சிரிப்பு மருந்துக்குப் பதில் ஆகாது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சிரித்துக்கொண்டே அதையும் தவறாமல் சாப்பிடுங்கள்.

திருவள்ளுவர் 'இடுக்கண் அழியாமை' என்று ஓர் அதிகாரமே வைத்தார். அதன் முதல் குறளிலேயே துன்பம் வந்தால் நகைக்கச் சொல்கிறார். பெரிய துன்பத்துக்கே அப்படியென்றால், குழம்பில் உப்பு கூடியதற்கு வீட்டை இரண்டாக்கலாமா?

வயலிலிருந்து பசியோடு வந்த புருஷன் ஒரு வாய் வைத்ததும், "ஏ புள்ள, உப்பு போட்டியா, உப்பளத்தையே கரைச்சிட்டியா?" என்கிறார். "மறந்துபோயி ரெண்டு தடவை போட்டுட்டேனுங்க. மோருக்கு உப்பு மிச்சம்!" என்கிறாள் மனைவி. இருவரும் சிரித்துவிட்டு மோர் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். விஷயம் முடிந்தது.

அதே இடத்தில், "உங்க அம்மா வீட்டுல இப்படித்தான் கத்துக்கொடுத்தாங்களா?" என்று கேட்டிருந்தால்? கேட்டவருக்கு அதுவும் கேலிதான். ஆனால் அந்தச் சொல் பத்து வருஷமானாலும் ஆறாது. உப்பைப் பார்த்துச் சிரிக்கலாம். உப்புப் போட்டவளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

பெண்ணாகவே பெற்றாள் என்று மனைவியைக் கேலி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். குழந்தை ஆணா பெண்ணா என்பது தகப்பனின் உயிரணுவால் அமைகிறது. வாசக்டமி செய்துகொண்டவரை டீக்கடையில் கிண்டல் செய்கிறார்கள். அந்த அறுவை சிகிச்சையால் ஆண்மையும் குறையாது, உழைக்கும் பலமும் குறையாது. குழந்தை இல்லாத குறைக்குக் காரணம் இருவரில் யாரிடமும் இருக்கலாம். இவையெல்லாம் சிரிப்புக்கு உரிய விஷயங்களே அல்ல.

கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் புருஷன் பெண்சாதியாகவே ஊரைச் சிரிக்க வைத்தவர்கள். வழக்கில் சிக்கிச் சிறை சென்ற கலைவாணர் 1947-இல் விடுதலையானார். அந்தக் கஷ்டத்துக்குப் பிறகும் 1949-இல் 'நல்லதம்பி' படத்தில் குடியின் கேட்டைச் சிரிக்கச் சிரிக்க எடுத்துச் சொன்னார்.

நீங்களும் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, அன்றைக்குக் கோணலாகிப்போன ஒன்றை ஆளுக்கொரு கதையாகச் சொல்லுங்கள். முதலில் தன்னைத்தானே கேலி செய்துகொள்ள வேண்டும் என்பது ஒன்றே சட்டம். பிள்ளைகளும் கேட்கட்டும். அப்பா அம்மா சண்டைக்குப் பயந்து தூங்குகிற பிள்ளைக்கும், சிரிப்பைக் கேட்டுத் தூங்குகிற பிள்ளைக்கும் வித்தியாசம் உண்டு.

அதற்காக எல்லாவற்றையும் சிரித்து மழுப்பக் கூடாது. புருஷன் குடித்துவிட்டு அடித்தால் சிரித்துப் பொறுக்காதீர்கள்; பெண்களுக்கான உதவி எண் 181. பிரசவமாகி இரண்டு வாரத்துக்கு மேலும் ஒரு தாய் காரணமில்லாமல் அழுதாலோ, தூங்காமல் இருந்தாலோ, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்து வாருங்கள். மனக்கஷ்டத்துக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

மற்றபடி ஆடு தின்ற சேலை தின்றதுதான். அதற்காக இன்றைய பொழுதையும் ஆட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.