விற்க வந்த பொருளும் வாங்கிய உழவரும்

(உழவர் விழா ஒன்றில் நிகழ்த்திய உரை)



விதை, உரம், பூச்சிமருந்து, பம்புசெட்டு, தெளிப்பான் என்று எத்தனையோ பொருள்கள் இன்று கடைத்தெருவில் நமக்காகக் காத்திருக்கின்றன. எதை வாங்குவது, எதை விடுவது என்பது ஒவ்வொரு பருவத்திலும் எழும் கேள்வி. இது நமக்குப் புதிய கேள்வியன்று. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் நம் பாட்டன்மாரும் இதே கேள்வியைச் சந்தித்தார்கள். அவர்கள் எதை ஏற்றார்கள், எதை ஒதுக்கினார்கள், அதற்கு என்ன காரணம் என்று பார்த்தால் நமக்கும் வழி புலப்படும்.

சீமைக் கலப்பை

சென்னை ஆளுநராக இருந்த சர் வில்லியம் டெனிசனின் முயற்சியால் 1865ஆம் ஆண்டில் சைதாப்பேட்டையில் ஒரு சோதனைப் பண்ணை தொடங்கப்பட்டது. நீராவிக் கலப்பை, கதிரடிக்கும் இயந்திரம், தூற்றும் இயந்திரம் ஆகியவை சீமையிலிருந்து கப்பலில் வந்து இறங்கின. அந்தப் பண்ணையை ஒட்டித் தோன்றிய வேளாண்மைப் பள்ளியே பின்னர் கோவைக்கு மாறிக் கல்லூரியாக வளர்ந்தது. கல்வி வளர்ந்தது உண்மை. ஆனால் அந்தப் பெரிய இயந்திரங்கள் உழவர் வீட்டு வாசலுக்கு வந்து சேரவில்லை.

இந்நாட்டு உழவர் பழமையை விடமாட்டார் என்று அதிகாரிகள் பலர் குறைகூறினர். உழவரின் கணக்கு வேறு. நாட்டுக் கலப்பைக்கு மரம் ஊரிலேயே கிடைத்தது. தச்சர் செதுக்கினார், கொழு தேய்ந்தால் கொல்லர் அடித்துக் கொடுத்தார். இருவருக்கும் கூலி களத்தில் நெல்லாக அளக்கப்பட்டது. வேலை முடிந்ததும் கலப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு திரும்பலாம். சீமைக் கலப்பைக்கோ ரொக்கம் வேண்டும். அதன் எடையை நம் மாடுகள் இழுக்கத் திணறின. ஓர் உறுப்பு உடைந்தால் உள்ளூரில் மாற்று இல்லை. வாங்க மறுத்தது அறியாமையால் அன்று.

இதை வெள்ளையர் ஒருவரே எழுதி வைத்தார். இங்கிலாந்தின் அரச வேளாண்மைக் கழகத்தின் ஆலோசனை வேதியியல் அறிஞரான டாக்டர் வோல்க்கர் 1889இல் இந்தியாவுக்கு வந்து நாடெங்கும் சுற்றிப் பார்த்தார். 1893இல் வெளியான அவரது அறிக்கை, இந்திய உழவர் சராசரி ஆங்கில உழவருக்குச் சளைத்தவர் அல்லர், சிலவற்றில் அவரைவிட மேலானவர் என்று கூறியது. இரும்புக் கலப்பை பரவாததற்கு விலையையும் மாட்டின் வலிமையையும் அவர் காரணமாகக் கருதினார்.

ஏற்றுக்கொண்ட கருவி

அப்படியானால் புதிய கருவி எதையும் உழவர்கள் ஏற்கவில்லையா? ஏற்றார்கள். பீகாரில் பிஹியா என்னும் ஊரில் தாம்சன், மைல்ன் என்ற இரு ஆங்கிலேயர் 1870களில் இரும்பு உருளைகள் கொண்ட கரும்பு ஆலை ஒன்றைச் செய்தனர். அங்கே அதற்குமுன் இருந்தது கல் ஆலை. கரும்பைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டு அரைக்கவேண்டும். ஆளும் மாடும் மிகுதியாகத் தேவைப்படும். புதிய ஆலையிலோ கரும்பை முழுதாகவே உருளைகளுக்கு இடையே செலுத்தலாம். கழற்றி வண்டியில் ஏற்றிக் கரும்புத் தோட்டத்துக்கே கொண்டுசெல்லலாம்.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அந்த ஆலையை வாடகைக்கும் கொடுத்தார்கள். ஒரு பருவம் ஓட்டிப் பார்த்து, சாறு கூடுகிறதா, செலவு குறைகிறதா என்று கண்ணாரக் கண்ட பிறகே உழவர்கள் நம்பினார்கள். யாரும் வற்புறுத்தாமலே அது மாகாணம் விட்டு மாகாணம் பரவியது.

இரும்புக் கலப்பைக்கும் காலம் வந்தது. பெல்காமில் சைக்கிள் கடை நடத்திவந்த லட்சுமணராவ் கிர்லோஸ்கர் 1903இல் இரும்புக் கலப்பை செய்தார். இரும்பு பட்டால் மண் நஞ்சாகும் என்ற அச்சம் அப்பகுதியில் இருந்தது. முதல் சில கலப்பைகளை விற்கவே சுமார் 2 ஆண்டுகள் ஆயின. ஆனால் கரிசல் மண்ணை ஆழ உழ அது ஏற்றதாக இருந்தது. உறுப்புகளும் இந்நாட்டிலேயே கிடைத்தன. படிப்படியாக அச்சம் நீங்கியது. ஐயத்தைப் போக்கியது பேச்சன்று. உழுது காட்டிய நிலமே.

மண்ணெண்ணெய் டின்

விளம்பரம் இல்லாமலே எல்லா வீட்டுக்கும் நுழைந்த பொருள் மண்ணெண்ணெய். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும், பின்னர் பர்மாவிலிருந்தும் அது வந்தது. 4 காலன், அதாவது சுமார் 18 லிட்டர் கொண்ட தகர டின்னை அறியாத கிராமம் இல்லை. எண்ணெய் தீர்ந்தபின் டின் தண்ணீர் இறைத்தது, தானியம் காத்தது, தட்டி விரித்தால் கூரையும் ஆயிற்று. நெல்லில் கூண்டுப்புழு கண்டால், மண்ணெண்ணெயில் நனைத்த கயிற்றைப் பயிரின்மேல் இழுக்கும் முறையும் வழக்கத்துக்கு வந்தது.

ஆனால் வரவோடு ஒரு செலவும் இருந்தது. முன்பு விளக்கெரித்தது ஆமணக்கெண்ணெயும் இலுப்பெண்ணெயும். உள்ளூர்ச் செக்கில் ஆமணக்கை ஆட்டினால் எண்ணெய் விளக்குக்கு, புண்ணாக்கு வயலுக்கு. மண்ணெண்ணெய் வந்தபின் விளக்கு எரிந்தது, புண்ணாக்கு கிடைக்கவில்லை.

இதே காலத்தில் நம் நிலத்தின் சத்து கப்பலேறியது. தென்னார்க்காட்டு நிலக்கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய்ல்ஸ் நகர ஆலைகளுக்குச் சென்றது. கால்நடை எலும்புகளும் ஏற்றுமதியாயின. இது மண்ணின் வளத்தையே விற்பதாகும் என்று வோல்க்கர் அன்றே எச்சரித்தார்.

உர மூட்டை

பாரி கம்பெனி இராணிப்பேட்டையில் 1906இல் சூப்பர் பாஸ்பேட் தொழிற்சாலையை நிறுவியது. பின்னர் சீமையிலிருந்து அம்மோனியம் சல்பேட்டும் வந்தது. 1947இல் ஆல்வாய்க்கு அருகில் ஃபாக்ட் தொழிற்சாலை அம்மோனியம் சல்பேட் உற்பத்தியைத் தொடங்கியபோது, அதற்கு வேண்டிய வாயுவை விறகிலிருந்தே எடுத்தார்கள் என்பது இன்று வியப்பாக இருக்கும்.

தொடக்கத்தில் இவ்வுரங்களைப் பெரிதும் வாங்கியவர்கள் மலைத்தோட்டக்காரர்கள். சிறு உழவர் தயங்கினார். மூட்டைக்குள் என்ன சத்து எவ்வளவு இருக்கிறது என்பதை அறிய அவருக்கு வழியில்லை. உரத்துக்கென நாடு முழுவதற்கும் பொதுவான கட்டுப்பாட்டு ஆணை 1957இல்தான் வந்தது.

கடனில் வாங்கிய பொருள்

பொருளைவிடக் கடனே பல குடும்பங்களைச் சாய்த்தது. 1883, 1884ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி அரசு தக்காவிக் கடன் கொடுத்தது. ஆயினும் அவசரத்துக்குக் கைகொடுத்தவர் லேவாதேவிக்காரரே. விளைச்சல் அவர் சொன்ன விலைக்கு அவரிடமே போயிற்று. இதை ஆராய்ந்த சர் பிரெடரிக் நிக்கல்சன் 1895இலும் 1897இலும் அளித்த அறிக்கைகள் கூட்டுறவுக்கு வழிகாட்டின. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே செங்கற்பட்டு மாவட்டத் திரூரில் சங்கம் அமைந்தது.

1929க்குப் பிறகு விளைபொருள் விலை வீழ்ந்தது. விலை உயர்ந்திருந்தபோது வாங்கிய கடன் மட்டும் குறையவில்லை. நிலங்கள் கைமாறின. 1938இல் சென்னை மாகாணம் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

நாம் செய்ய வேண்டியவை

உழவர் பெருமக்களே! நம் முன்னோர் கேட்ட கேள்விகளையே நாமும் கேட்போம்.

1. இது என் நிலத்துக்கும் நீருக்கும் ஏற்றதா? புதிய விதையையோ மருந்தையோ முதல் பருவத்தில் சிறு பரப்பில் மட்டும் போட்டு, பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

2. பழுதானால் பக்கத்து ஊரில் சரிசெய்ய முடியுமா? உதிரி உறுப்பு கிடைக்காத கருவி மலிவாக வந்தாலும் வேண்டாம். வாடகைக்குக் கிடைத்தால் முதலில் ஓட்டிப் பாருங்கள்.

3. உள்ளே என்ன இருக்கிறது? சான்று விதைக்கு நீல அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை அட்டை உண்டு. உர மூட்டையில் சத்தின் அளவு அச்சிடப்பட்டிருக்கும். மருந்துப் புட்டியில் சிவப்பு முக்கோணம் கடும் நஞ்சைக் குறிக்கும். மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசையில் நஞ்சின் அளவு குறையும்.

4. ரொக்க விலை என்ன, கடன் விலை என்ன? இரண்டையும் எழுதிப் பார்த்து, வித்தியாசத்தை விளைச்சலோடு ஒப்பிடுங்கள்.

5. ரசீது இருக்கிறதா? ரசீது, விதை அட்டை, வெறும் பை, கொஞ்சம் மாதிரி விதை ஆகியவற்றை அறுவடை முடியும்வரை பத்திரப்படுத்துங்கள்.

கடைசிக் கருத்தைச் சிறிதென எண்ண வேண்டாம். விதை முளைக்காவிட்டால் அன்றைய உழவர் முறையிட இடமின்றித் தவித்தார். இன்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. விதை வாங்கும் உழவரும் நுகர்வோரே, அவர் இழப்பீடு கேட்டு வழக்கிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. ஆனால் ரசீது இல்லாதவருக்கு வழக்கை மெய்ப்பிப்பது கடினம்.

புதியது என்பதற்காக எதையும் வாங்கவும் வேண்டாம். புதியது என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம். சோதித்துப் பார்த்து, கணக்குப் போட்டு வாங்கிப் பயன்பெறுங்கள்.